மூடிய ஆலைக்குள் எதைப் பார்ப்பது?



பின்னி மில்லைப் பார்த்ததே இல்லை என்று உங்களில் யாராவது சொன்னால் நான் நம்பமாட்டேன். சென்னையில் பெரம்பூர்ப் பக்கம் கால் வைக்காதவர்கூட அதைப் பார்த்திருப்பார். 1996-இல் ஆலை மூடப்பட்ட பிறகு அந்த வளாகம் சினிமாப் படப்பிடிப்புக்கு வாடகைக்குப் போனது. கதாநாயகன் இருபது பேரை அடித்துப் போடும் பாழடைந்த கிடங்கு, கடத்தல்காரனின் கோட்டை, சில படங்களில் சிறைச்சாலை என்று அந்தத் தூண்களும் கூடங்களும் எத்தனையோ வேடம் கட்டியிருக்கின்றன. ஆலை வேடம் மட்டும் அபூர்வம்.

பாழடைந்த கட்டடங்களுக்குள் போய்ப் படம் எடுப்பது இப்போது ஒரு பெரிய பொழுதுபோக்காக வளர்ந்திருக்கிறது. நான் அதற்கு எதிரி இல்லை. துருப்பிடித்த இரும்பிலும் உடைந்த கண்ணாடி வழியாக விழும் வெயிலிலும் அழகு இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அப்படிப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன். ஆலைக் கட்டடம் என்பது முதலாளி தரப்புச் சாட்சி. அது பொய் சொல்லாது. ஆனால் தன்னைக் கட்டியவர் எதைக் கட்ட நினைத்தாரோ அதை மட்டுமே சொல்லும். அதற்குள் பன்னிரண்டு மணி நேரம் நின்றவர் என்ன நினைத்தார் என்று அதனிடம் கேட்டால் பதில் வராது. அதை வேறிடத்தில்தான் தேட வேண்டும். எங்கே தேடுவது என்பதுதான் இன்றைய பேச்சு.

முதலில் பின்னி மில் பிறந்த கதை. அதன் மூத்த பகுதியான பக்கிங்ஹாம் மில் 1876-இல் தொடங்கப்பட்டது. அப்போது சென்னை மாகாணத்தின் ஆளுநர் பக்கிங்ஹாம் பிரபு. ஆலைக்கு அவர் பெயர். அந்த 1876-ஆம் ஆண்டுதான் தென்னிந்தியாவையே சூறையாடிய தாது வருடப் பஞ்சமும் தொடங்கியது. கிராமங்களிலிருந்து மக்கள் கூட்டம் கூட்டமாகச் சென்னைக்கு நடந்து வந்தார்கள். அவர்களுக்குப் பஞ்ச நிவாரண வேலை என்ற பெயரில் மண்வெட்டியைக் கொடுத்து, கூவத்துக்கும் அடையாற்றுக்கும் நடுவே ஏறத்தாழ எட்டுக் கிலோமீட்டர் கால்வாய் வெட்டவைத்தார்கள். அந்தக் கால்வாய்க்கும் அதே பிரபுவின் பெயர்தான். ஒரே ஆளுநர், ஒரே பஞ்சம், ஒரு கால்வாய், ஒரு மில். நகரத்தில் கூலிக்கு ஆள் மலிந்து கிடந்த காலத்தில் பிறந்த ஆலை இது என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

பக்கத்திலேயே 1881-இல் கர்னாடிக் மில் வந்தது. 1920-இல் இரண்டும் ஒரே கம்பெனியாக இணைந்தன. பேப்பரில் பக்கிங்ஹாம் அண்டு கர்னாடிக். ஊர் வாயில் பி அண்டு சி மில், அல்லது வெறுமனே பின்னி மில். இரண்டையும் நடத்திய பின்னி கம்பெனி சென்னைக்கு வந்து சேர்ந்த ஒரு வணிகக் குடும்பத்தின் பெயரைத் தாங்கியது. 1906-இல் ஆர்பத்நாட் வங்கி திவாலாகிச் சென்னையையே உலுக்கியபோது பின்னியும் ஆட்டம் கண்டு, பின்னாளில் இஞ்ச்கேப் பிரபு ஆன மெக்கேயின் கைக்குப் போனது. இந்த ஆலையின் காக்கித் துணிக்குச் சாயம் போகாது என்று பேர். பட்டாளத்துக்கும் போலீசுக்கும் போனது அது. கம்பெனிக் கதை இவ்வளவு போதும். கம்பெனிகள் தங்கள் வரலாற்றைத் தாங்களே நன்றாக எழுதிக்கொள்ளும். நம் உதவி தேவையில்லை.

இனி உள்ளே போவோம். தனியார் நிலம் என்றால் அனுமதி வாங்கிப் போங்கள். பழைய ஆலைகளில் கூரைத் தகடும் நீராவிக் குழாயைச் சுற்றிய உறையும் ஆஸ்பெஸ்டாஸாக இருக்கும். உடைந்து தூளானால் அதை மூச்சில் இழுக்கக் கூடாது. மாடித் தளங்கள் உளுத்திருக்கும். இதைப் பொறுப்புக்காகச் சொல்லிவிட்டேன்.

எந்தப் பஞ்சாலையாக இருந்தாலும் அதைப் படிக்கச் சில வழிகள் உண்டு. தடித்த சுவரும் இரும்புக் கதவுமாக மற்றவற்றிலிருந்து ஒதுங்கி ஒரு கூடம் நிற்கிறதா? அது பெரும்பாலும் புளோரூம். பேல் பேலாக வந்த பஞ்சைப் பிரித்து உதறும் இடம். பஞ்சுத் தூசியில் ஒரு பொறி விழுந்தால் போதும். ஆகவே தீ அங்கேயே நிற்க வேண்டும் என்று கட்டியிருப்பார்கள். மாடி மாடியாக இருக்கும் நீண்ட கட்டடத்தில் நூற்பு நடந்திருக்கும். ரிங் பிரேமைத் தளத்தின் மேல் தளமாக அடுக்கலாம். தறியை அப்படி அடுக்க முடியாது. ஆயிரம் தறி ஒரே நேரத்தில் அடிக்கும் அதிர்வை மாடித் தளம் தாங்காது. அதனால்தான் நெசவுக் கூடம் தரையோடு தரையாக, பரந்து கிடக்கும்.

அந்த நெசவுக் கூடத்தின் கூரையை அண்ணாந்து பாருங்கள். பல ஆலைகளில் அது ரம்பப் பல் மாதிரி ஏறி இறங்கும். ஒரு பக்கம் ஓடோ தகடோ, மறுபக்கம் கண்ணாடி. கண்ணாடி வடக்கே பார்த்திருக்கும். அறுந்த இழையை நெசவாளர் கண்டுபிடிக்க நிழல் விழாத, சீரான வெளிச்சம் வேண்டும். இங்கிலாந்தின் பஞ்சாலை வட்டாரமான லங்காஷயரில் உச்சிவேளைச் சூரியன் எப்போதும் தெற்கு வானத்தில் இருப்பதால் வடக்குக் கண்ணாடி வழியாக வெயில் நேரே வராது, வெளிச்சம் மட்டும் வரும். நல்ல யோசனை. அதே வரைபடத்தை நம் ஊருக்குக் கொண்டுவந்தால் என்ன ஆகும்? சென்னையில் ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை உச்சிவேளைச் சூரியன் நமக்கு வடக்கே நிற்கிறது. கத்திரி வெயில் முழுவதும் அந்தக் கணக்கில் அடக்கம். வெயிலைத் தடுக்க வைத்த கண்ணாடி வழியாகவே வெயில் உள்ளே இறங்கும்.

தூண்களையும் தடவிப் பாருங்கள். வார்ப்பிரும்புத் தூணின் மேல்பாதியில் காரணமே இல்லாமல் ஒரு தகடும் நாலு போல்ட் துளையும் இருக்கும். ஒவ்வொரு இயந்திரத்துக்கும் தனி மோட்டார் வருவதற்கு முன்னால், ஒரே நீராவி எஞ்சின் சுழற்றிய நீண்ட தண்டு கூடத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை, அந்தத் தகடுகளைப் பற்றிக்கொண்டு, தலைக்கு மேல் ஓடும். அதிலிருந்து தோல் பட்டைகள் இறங்கி இயந்திரங்களைச் சுற்றும். ஒரு இயந்திரத்துக்காக மொத்தத் தண்டும் நிற்காது. ஒருவருக்கு மூச்சு வாங்குகிறது என்பதற்காகவும் நிற்காது.

இவ்வளவையும் கட்டடம் உங்களுக்குச் சொல்லும். சொல்லாதவை வேறு. இழை அறாமல் இருக்கக் காற்றில் ஈரம் வேண்டும் என்பதால் சன்னலை மூடி நீராவி விட்ட கூடத்தின் புழுக்கத்தை, கூரை பெயர்ந்து வேப்பமரம் முளைத்து ஜிலுஜிலு என்று காற்று வீசும் இன்றைய கூடம் சொல்லுமா? பறக்கும் பஞ்சு எங்கே போனது? நுரையீரலுக்குள். பைசினோசிஸ் என்று அந்த நோய்க்குப் பெயர். ஞாயிறு ஓய்வுக்குப் பிறகு திங்கட்கிழமை வேலைக்கு வந்ததும் மார்பு இறுகும். உலகெங்கும் பஞ்சாலை ஊர்களில் இந்தத் திங்கட்கிழமை இறுக்கம் பிரசித்தம். நீங்கள் எடுக்கும் புகைப்படம் எவ்வளவு நன்றாக வந்தாலும் அதில் திங்கட்கிழமை விழாது.

சரி, வெளியே வாருங்கள். கேட்டுக்கு வருவோம். என்னைக் கேட்டால் எந்த ஆலையிலும் முதலில் பார்க்க வேண்டியது கேட்தான். 1918-இல் பி அண்டு சி மில் தொழிலாளி காலை ஆறு மணிக்குள் உள்ளே இருக்க வேண்டும். மாலை ஆறுக்கு வெளியே. நடுவில் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம். சங்கு ஊதியபின் இயந்திரத்தை விட்டு நகர வேண்டும். ஆயிரக்கணக்கானவர்களோடு முண்டியடித்துக் கேட் வரை வர வேண்டும். வீட்டிலிருந்து சோறு கொண்டுவந்தவரைக் கூட்டத்தில் தேட வேண்டும். கை கழுவ வேண்டும், உட்கார இடம் பார்க்க வேண்டும், சாப்பிட வேண்டும், மறுபடி கேட், மறுபடி கூடம். இத்தனையும் முப்பது நிமிடத்தில். பிந்தினால் கேட் மூடும், கூலி போகும். அந்த வளாகம் எவ்வளவு பெரியது என்று இன்று வியக்கிறோமே, அந்த ஒவ்வொரு கஜமும் சாப்பாட்டு நேரத்திலிருந்து கழிந்தது.

இந்திய வரலாற்றில் இந்த ஆலைக்கு இருக்கும் இடம் காக்கியால் வந்தது இல்லை, இந்த அரை மணியால் வந்தது. செல்வபதி செட்டியார், ராமானுஜலு நாயுடு என்று பெரம்பூர் வட்டாரத்தில் இரண்டு சிறு வணிகர்கள். இருவரும் பக்திமான்கள், ஸ்ரீ வேங்கடேச குணாமிர்த வர்ஷிணி சபை என்று ஒரு சபை நடத்திவந்தார்கள். சமயச் சொற்பொழிவு கேட்க வந்த தொழிலாளர்கள் தங்கள் குறையையும் அங்கே சொல்லத் தொடங்கினார்கள். 1918 மார்ச்சு 2-ஆம் தேதி பெரம்பூர் ஜங்காராமாயம்மாள் தோட்டத்தில் கூட்டம் நடந்தது. தேசபக்தன் ஆசிரியர் திரு. வி. கலியாணசுந்தர முதலியார் அதில் பேசினார். பெருமாள் கதை கேட்கக் கூடிப் பழகிய கூட்டம் மேல்நாட்டுத் தொழிற்சங்கங்களின் கதை கேட்டது. இந்தியத் தொழிற்சங்க வரலாறு பஜனை மடத்து வாசல் வழியாக வந்தது என்று சொன்னால் சிலருக்குப் பிடிக்காது. ஆனால் நடந்தது அதுதான்.

அடுத்து அன்னி பெசன்டின் நியூ இந்தியா பத்திரிகையில் பணியாற்றிய பி. பி. வாடியா வந்தார். பம்பாய்ப் பார்சி, பிரம்மஞான சபைக்காரர். 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவாகி, வாடியா தலைவரானார். முறையாக உறுப்பினர் சேர்த்து, சந்தா வாங்கி நடந்த இந்தியாவின் முதல் தொழிற்சங்கமாக அதையே கொள்கிறார்கள். அதன் தொடக்க வெற்றி என்ன தெரியுமா? உணவு இடைவேளை அரை மணியிலிருந்து நாற்பது நிமிடமாக நீண்டது. பத்து நிமிடம்!

பத்து நிமிடத்தோடு எதுவும் நிற்கவில்லை. வேலைநிறுத்தம், கதவடைப்பு, மறுபடி வேலைநிறுத்தம். 1920 டிசம்பர் 9 அன்று போலீசார் சுட்டதில் இரண்டு தொழிலாளர்கள் இறந்தார்கள். அதே ஆலைச் சுவர்களுக்குள் பிற்காலத்தில் எத்தனை சினிமாத் துப்பாக்கிகள் வெடித்தனவோ, நமக்கு அவைதான் ஞாபகம்.

கம்பெனி உயர் நீதிமன்றத்துக்கும் போனது. தொழிலாளர்கள் வேலை ஒப்பந்தத்தை முறிக்கும்படி வாடியாவும் மற்றவர்களும் தூண்டினார்கள், நஷ்டஈடு வேண்டும் என்பது வழக்கு. இத்தகைய வழக்கிலிருந்து இங்கிலாந்துத் தொழிற்சங்கங்களுக்கு 1906-ஆம் ஆண்டுச் சட்டமே பாதுகாப்புக் கொடுத்துவிட்டது. இங்கே அப்படிப்பட்ட சட்டமே கிடையாது. ஒரு கூலித் தொழிலாளியிடம் வேலைநிறுத்தம் செய் என்று சொல்வது, சட்டத்தின் கண்ணில், ஒருவன் சொத்தைக் கெடுக்கச் சொல்வதற்குச் சமமாக இருந்தது. நீதிமன்றம் தடை விதித்தது. 1921 தொடக்கத்தில் ஏற்பட்ட சமரசத்தின்படி வாடியா சங்கத்திலிருந்து விலக நேர்ந்தது.

லங்காஷயர் கூரையை அப்படியே கொண்டுவந்தவர்கள், லங்காஷயர் தொழிலாளிக்கு இருந்த சட்டத்தை மட்டும் கப்பலில் ஏற்றவில்லை. அந்த ஓட்டையைக் காட்டித்தான் தொழிலாளர் தலைவர் என். எம். ஜோஷி 1921-இல் மத்திய சட்டசபையில் தீர்மானம் கொண்டுவந்தார். ஐந்து ஆண்டு இழுபறிக்குப் பிறகு 1926-இல் தொழிற்சங்கச் சட்டம் நிறைவேறியது. அதன் 17, 18-ஆம் பிரிவுகளை எடுத்துப் பாருங்கள். தொழில் தகராறில் சங்க நிர்வாகிகள் மேல் சதி வழக்கும் நஷ்டஈட்டு வழக்கும் போட முடியாது என்று அவை சொல்கின்றன. பெரம்பூர் வழக்கு அந்த வரிகளுக்குப் பின்னால் நிற்கிறது. 2020-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டம் இந்தப் பழைய சட்டத்தைத் தனக்குள் வாங்கிக்கொண்டது. பின்னி மில்லின் சுவர்களைவிட அந்த வழக்கின் விளைவு நீண்ட காலம் நின்றிருக்கிறது.

இதோடு நிறுத்தினால் நல்ல கைதட்டல் கிடைக்கும். ஆனால் 1921-ஐத் தாண்டிப் போக எனக்கு மனமில்லை. இந்தப் பகுதியைச் சொல்லாமல் விட்டுவிட்டுத்தான் பலரும் விழா எடுக்கிறார்கள்.

அந்த ஆண்டு மே மாதம் கர்னாடிக் மில்லில் தொடங்கிய மோதல் ஜூன் 20-இல் பக்கிங்ஹாம் மில்லுக்கும் பரவியது. இந்தமுறை ஆதிதிராவிடத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் வேலைநிறுத்தத்தில் சேரவில்லை. வேலைநிறுத்தம் என்றால் கூலி இல்லை. முந்தைய போராட்டங்களில் அந்தச் சுமையை யார் எவ்வளவு தாங்கினார்கள் என்ற கணக்கு அவர்களிடம் இருந்தது. மளிகைக்கடைக்காரர் கடன் கொடுப்பதும், ஊரில் கையகல நிலமாவது இருப்பதும் எல்லாச் சாதிக்கும் ஒன்றுபோல் வாய்ப்பதில்லை. சங்கத் தலைமையிலும் அவர்கள் குரல் ஓங்கி ஒலிக்கவில்லை. ஆதிதிராவிடர் தலைவரும் நீதிக்கட்சிக்காரருமான எம். சி. ராஜா அவர்கள் பக்கம் நின்றார். நிர்வாகமும் அரசும் இந்தப் பிளவை நன்றாகவே பயன்படுத்திக்கொண்டன. ஜூன் இறுதியில் புளியந்தோப்பில் ஆதிதிராவிடர் குடிசைகள் எரிந்தன. மாதக்கணக்கில் கலவரம், ஆகஸ்டு 29-இல் மீண்டும் துப்பாக்கிச் சூடு, சாவு. அக்டோபரில் வேலைநிறுத்தம் தோல்வியில் முடிந்தது. அப்போது மாகாணத்தை ஆண்ட நீதிக்கட்சிக்குள்ளும் இது பிளவை உண்டாக்கியது, 1923-இல் எம். சி. ராஜா கட்சியைவிட்டே வெளியேறினார்.

ஒரே கூடத்தில் ஒரே நீராவியை மூச்சிழுத்தவர்கள், கேட்டைத் தாண்டியதும் தனித்தனிச் சேரிக்கும் தெருவுக்கும் நடந்தார்கள். ஆலைக்குள் போய்ப் படம் எடுக்கும் நண்பர்கள் புளியந்தோப்புக்கும் ஒரு நடை போக வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான். வேலைநிறுத்தத்தை உடைத்தவர்கள் என்று ஒரு வார்த்தையில் அவர்களை ஒதுக்கிவிடுவது எளிது. குடிசை எரிந்தவர்களைப் பார்த்து அப்படிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பிற்காலத்துச் சரிவை நீட்டிச் சொல்லத் தேவையில்லை. நூற்பு, நெசவு, சாயம் மூன்றையும் ஒரே கூரையின்கீழ் செய்த பெரிய ஆலைகள் பம்பாயிலும் இப்படித்தான் மூடின. நெசவு விசைத்தறிக்குப் போனது, பருத்தியின் இடத்தில் செயற்கை இழை வந்தது, இயந்திரம் பழசானது, நகரம் வளர்ந்து துணியைவிட நிலம் விலை கூடியது. பெரம்பூரில் அந்த நிலத்தின் பெரும்பகுதியில் இப்போது அடுக்குமாடிக் கட்டடங்கள் எழுந்துவருகின்றன.

இந்த ஆலைத் தொழிலாளர்களின் வரலாற்றை மிக விரிவாக ஆராய்ந்தவர்களில் ஒருவர் திலீப் வீரராகவன். சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியராக இருந்தவர். அவருடைய ஆய்வு நூல், அவர் 2009-இல் மறைந்தபின், 2013-இல் வெளிவந்தது. அவர் பார்வை இழந்தவர். தூணையும் கூரையையும் கண்ணால் பார்க்க முடியாத ஒருவர், நீதிமன்ற ஏடுகளையும் அரசாணைகளையும் பத்திரிகைகளையும் பிறர் வாசிக்கக் கேட்டு, கேமரா வைத்திருக்கும் நம் எல்லோரையும்விட அதிகமாக அந்த ஆலைக்குள் பார்த்துவிட்டார்.

அதனால் இங்கிருக்கும் பெரம்பூர், புளியந்தோப்பு, ஓட்டேரி, வியாசர்பாடிக்காரர்களிடம் ஒரு வேண்டுகோள். மில்லில் வேலை செய்த அப்பாவோ தாத்தாவோ விட்டுப்போன டிரங்குப் பெட்டியைத் திறந்து பாருங்கள். பித்தளை டோக்கன், சம்பளச் சீட்டு, சங்கச் சந்தா ரசீது, பணி நிறைவு நாளில் மாலையோடு எடுத்த குரூப் போட்டோ, எது இருந்தாலும் பழைய இரும்புக்காரரிடமும் பழைய பேப்பர்காரரிடமும் போட்டுவிடாதீர்கள். எழும்பூரில் அரசு ஆவணக் காப்பகம் இருக்கிறது. தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. அங்கே கொண்டுபோய்க் காட்டுங்கள், படியாவது எடுக்கச் சொல்லுங்கள். 1996-இல் நாற்பது வயதில் வேலை இழந்தவருக்கு இன்று ஏறத்தாழ எழுபது வயது. அவர் எந்த டிபார்ட்மென்டில் இருந்தார், யாரோடு உட்கார்ந்து சாப்பிட்டார், யாரோடு சாப்பிடவில்லை என்று கேட்டு, அவர் சொல்வதை இந்த வாரமே போனில் பதிவு செய்யுங்கள்.